ஏத்த ஆர் வருவினம்?

ரொறொன்ரோவின் வோபர்னில், ஒரு பலசரக்குக் கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த பயண முகவர் நிலையம் ஒன்றில் பதினாறு வருடம் வேலை செய்தேன். ரிக்கெற் போட வருகிறவர்களிடம் எந்தத் திகதி என்று கேட்பதற்கு முன்பே நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “அங்கை உங்களை ஏத்த ஆர் வருவினம்?” லண்டனோ பாரிஸோ சூரிச்சோ, எங்கே இறங்கினாலும் எங்கள் சனத்துக்கு ஒரு மாமாவோ மச்சானோ விமான நிலையத்துக்குக் கார் கொண்டுவர வேண்டும். ஒருவரும் வராமல் ஒரு தமிழன் தன் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு ரெயில் ஏறினால் குடும்பத்துக்கே அவமானம். அதனால் எங்கள் கடையில் குடும்பத்துக்கு ஓர் அட்டை வைத்திருந்தோம். பெயர், பாஸ்போர்ட் இலக்கம், அடியில் ஏற்ற வருகிறவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும். விமானம் பிந்தினால் நாங்களே அங்கே தொலைபேசி அடித்துச் சொல்லிவிடுவோம். முதலாளிக்கு அதில் பெரிய பெருமை, எனக்கும்தான்.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் இரண்டு இளைஞர்கள் வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஒருவனை எனக்குத் தெரியும். மின்சார வேலை செய்கிறவன், முப்பது வயது இருக்காது. அவன் அம்மா எங்கள் பழைய வாடிக்கையாளர். டென்மார்க்கில் இருக்கிற தன் தங்கையின் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கு நடந்தபோது அவருக்கு ரிக்கெற் போட்டதும் நான்தான். மற்றவன் யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. சிறுவயதில் குடும்பத்தோடு அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, பிறகு இங்கே வந்தவன். வீடுகளுக்குச் சூடு தருகிற ஃபேர்னஸ் திருத்துவது அவன் தொழில்.

வைகாசி நடுவில் கோப்பன்ஹேகனுக்கு இரண்டு ரிக்கெற் வேண்டும் என்றார்கள்.

“சித்தி வீட்டையோ?” என்று கேட்டேன்.

“இல்லை அக்கா. சித்தியாக்கள் நாட்டின்ரை மற்றப் பக்கம். நாங்கள் ஹோட்டலிலை நிக்கப்போறம்.”

“அப்ப ஏத்த ஆர் வருவினம்?”

“ஒருத்தரும் வரத் தேவையில்லை.”

சித்தி இருக்கிற நாட்டில் ஹோட்டலா? பேனையைக் கீழே வைத்தேன். “அறை எத்தினை?” ஒன்று. “கட்டில்?” அவன் மற்றவனைப் பார்த்தான். மற்றவன் மேசையில் இருந்த விமானப் பொம்மையைப் பார்த்தான். “ஒண்டு,” என்றான் அவன். காது இரண்டும் சிவந்துவிட்டன.

அப்போது எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. பிறகு கூச்சம். இப்படியானவர்களைச் சொல்ல மரியாதையான ஒரு சொல்கூட அந்நாளில் என்னிடம் இருக்கவில்லை. தன்பாலீர்ப்பாளர் என்ற சொல்லைப் பிறகுதான் படித்தேன். எங்கள் வீடுகளில் தெரிந்த சொற்கள் எல்லாம் ஏச்சுத்தான். ஆனால் அவன் கேட்ட கேள்வி என்னை நிமிர்த்தி உட்கார வைத்தது.

“அக்கா, அங்கை எங்களுக்குப் பிரச்சினை ஒண்டும் வராதோ? ஹோட்டலிலை, றோட்டிலை, ஆஸ்பத்திரி எண்டு வந்தால்? ஒருக்காப் பார்த்துச் சொல்லுவீங்களோ? அம்மா, நான் ஒட்டாவாவிலை வேலைப் பயிற்சிக்குப் போறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கட்டும். ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

எத்தனை கிலோ கொண்டுபோகலாம், மாசிச் சம்பல் கொண்டுபோக விடுவார்களா என்றுதான் என்னிடம் கேட்பார்கள். ஒரு நாட்டில் தாங்கள் தாங்களாக நடமாடலாமா என்று யாரும் கேட்டதில்லை. எனக்குத் தொழில் ரோசம் வந்துவிட்டது. “ஒரு கிழமை தா,” என்றேன்.

வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். நான் தொலைபேசியில் டென்மார்க் முழுவதும் போய்வந்தேன். ஹோட்டலுக்கு அடித்து, இரண்டு ஆண்கள், ஒரு கட்டில் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண், காலைச் சாப்பாடும் வேண்டுமா என்று மட்டும் கேட்டாள். நூலகத்தில் வழிகாட்டிப் புத்தகங்களை எடுத்து வாசித்தேன். கடைசியில் இரண்டு பக்கத்தில் ஒரு தாள் எழுதினேன். கனடா பாஸ்போர்ட்டுக்கு மூன்று மாதம்வரை விசா வேண்டாம். இரட்டைக் கட்டில் என்றால் அங்கே இரண்டு ஒற்றை மெத்தைகளைச் சேர்த்துப்போட்டு ஆளுக்கொரு போர்வை தருவார்கள். புருசன் பெண்சாதிக்கும் அப்படித்தான், அவமதிப்பு என்று நினைக்க வேண்டாம். இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ தங்கள் இணைவைப் பதிவுசெய்யலாம் என்று உலகத்திலேயே முதலில் சட்டம் போட்ட நாடு அது. ஆனாலும் ஒருவருக்கு நோய் என்றால் மற்றவரிடம் கேட்டு முடிவெடுக்கச் சொல்லி இருவரும் கையெழுத்துப்போட்ட ஒரு கடிதம் பையில் இருக்கட்டும். சைக்கிள் ஓடுகிற பாதையில் நின்று படம் எடுக்க வேண்டாம். ஹலால் இறைச்சி கிடைக்கிற தெரு இன்னது. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். சிறு ஊர்களில் இரண்டு பேர் பார்க்கத்தான் பார்ப்பார்கள், ஒன்றும் செய்யமாட்டார்கள். கோப்பன்ஹேகனில் விமான நிலையத்திலிருந்தே கையைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம், ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

கடைசி வரியை வாசித்துவிட்டு மற்றவன், “இது மெய்தானா அக்கா?” என்று கேட்டான். மெய்தான் என்றேன். அந்த அட்டையில் ஏற்ற வருகிறவரின் இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அது எனக்குப் பல்லிடுக்கில் அகப்பட்ட இறைச்சி நார் மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு, போரின் கடைசி மாதங்களில் வன்னியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். என் தம்பி, பெண்சாதி, இரண்டு பிள்ளைகளோடு உள்ளே அகப்பட்டிருந்தான். மாசிக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. கடையை அரைநாள் பூட்டிவிட்டு யூனிவேர்சிற்றி அவெனியூவில் போய்க் கொடி பிடித்து நிற்போம். திரும்பிவந்து செருப்பைக் கழற்றினால் கால் வீங்கியிருக்கும். அந்தச் சித்திரையில் மின்சார வேலை செய்கிறவன் இரண்டு தடவை தனியாகக் கடைக்கு வந்தான். இரண்டாம் தடவை ஊர்வலத்திலிருந்து நேரே வந்திருந்தான். தொண்டை கட்டிப்போயிருந்தது.

“கான்சல் பண்ணுவம் அக்கா. இந்த நேரத்திலை போறது பாவம். மனம் கேக்குதில்லை.”

“காசு திரும்பாது. நீ போகாமல் இருந்தால் அங்கை செல் விழாமல் விடுமோ? போட்டு வா,” என்றேன்.

அவன் ரிக்கெற் உறையை மறுபடி பைக்குள் வைத்தான். பிறகு எழுந்து போனான். அவனைப் போகச் சொன்னது நான்தான். இதை நான் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

போர் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்த மறுநாள் இரவு அந்த இரண்டு பேருக்கும் விமானம். காலை பத்து மணிக்குக் கடையில் நான் மட்டும் இருந்தேன். பக்கத்துக் கடைத் தொலைக்காட்சியில் சனம் வரிசையாக நீரேரியைத் தாண்டி வருவதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த முகங்களில் என் தம்பியைத் தேடிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கணினியில் விமானக் கம்பனியின் அறிவித்தல் வந்திருந்தது. இவர்கள் மாறி ஏறவேண்டிய இரண்டாவது விமானத்தின் நேரம் மாறிவிட்டது, கோப்பன்ஹேகனுக்கு மத்தியானம் போக வேண்டியவர்கள் பின்னேரம்தான் போய்ச் சேருவார்கள்.

அவனுடைய கைப்பேசிக்கு அடித்தேன். எடுக்கவில்லை, வேலையில் இருந்திருப்பான். ஒரே ஒரு தடவைதான் அடித்தேன். பிறகு அவன் அம்மாவின் அட்டையை எடுத்து, சாமத்தியச் சடங்குக் காலத்து இலக்கத்தைப் பார்த்து, டென்மார்க்குக்கு அடித்தேன்.

அவன் சித்திதான் எடுத்தார். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது. நான் கடையின் பெயரைச் சொல்லி, உங்கள் பெறாமகன் நாளைக்குப் பின்னேரம் கோப்பன்ஹேகனில் இறங்குகிறார், ஒரு சிநேகிதனும் கூட வருகிறார் என்று விமான இலக்கத்தையும் கொடுத்தேன்.

“என்ரை பிள்ளை… இந்த நேரத்திலை எங்களைப் பார்க்க வாறானே,” என்றார். “கட்டிப்பிடிச்சு அழ எனக்கு இஞ்சை ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. நீ சொன்னது பெரிய உதவி.”

அப்போதாவது நான் மறுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேரம் மாறினால் ஏற்ற வருகிறவருக்கு அறிவிப்பது எங்கள் கடை வழக்கம், கை தன்பாட்டில் செய்துவிட்டது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அந்த இலக்கத்தை அழுத்தும்போது என் வயிறு எரிந்தது. என் தம்பி செத்தானா இருக்கிறானா என்று தெரியாமல் நான் இருக்கிறேன், இவர்கள் இரண்டு பேரும் கைகோர்த்து உலாத்தப் போகிறார்கள் என்று நினைத்தேன். போகச் சொன்னவளும் நானேதான் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவில் இருக்கவில்லை, அல்லது இருக்க விடவில்லை.

பிறகு நடந்ததை அவன் அம்மா வாயால் கேட்டேன். சித்தியும் சித்தப்பாவும் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகக் கார் ஓடி, கடலுக்கு மேலால் போகிற நீளப் பாலத்தைத் தாண்டி வந்திருக்கிறார்கள். ஊரே துக்க வீடு என்பதால் மரக்கறிச் சோறு கட்டிக்கொண்டு, வைகாசியிலும் அங்கே குளிரும் என்று இரண்டு ஜக்கெற்றும் கொண்டுவந்திருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு திறந்து அந்த இரண்டு இளைஞர்களும் வெளியே வந்தபோது கைகள் கோர்த்திருந்தன. நான்தானே எழுதிக் கொடுத்திருந்தேன், விமான நிலையத்திலிருந்தே நடக்கலாம் என்று. சித்தி பெறாமகனைக் கட்டிப்பிடிக்க விரித்த கையை மடக்கிக்கொண்டார். சித்தப்பா சோற்றுப் பார்சலையும் ஜக்கெற்றுகளையும் அங்கே கிடந்த கதிரையில் வைத்துவிட்டு, பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு திரும்ப மூன்று மணி நேரம் ஓடிப் போய்விட்டாராம்.

அன்றே ரொறொன்ரோவுக்குத் தொலைபேசி வந்துவிட்டது. ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. கதை ஸ்காபரோவிலிருந்து அஜக்ஸ்வரை போய்ச் சேர இரண்டு நாள் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் கோப்பன்ஹேகனிலிருந்து அவன் கடைக்கு அடித்தான். பின்னால் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது.

“அக்கா, சித்தியாக்களுக்கு நீங்கள் போன் எடுத்தனீங்களோ?”

“இல்லைத் தம்பி,” என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “வேறை ஆரும் சொல்லியிருப்பினம்.”

“சரி அக்கா,” என்று வைத்துவிட்டான்.

அடுத்த கிழமை அவன் அம்மா வந்தார். தெரிந்துதான் வந்திருக்கிறார், இன்றைக்கு வாங்கப்போகிறேன் என்று நினைத்தேன். அவர் ஏசவில்லை. ரிக்கெற் போடுகிறவர்கள் உட்காருகிற கதிரையில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

“ஆம்பிளையோடை போனான் எண்டதை விடு பிள்ளை. அது எனக்கு விளங்கேல்லை, விளங்காமலே இருக்கட்டும். எந்தக் கிழமை போனான் எண்டு பார். சனம் புழுப்பூச்சி மாதிரிச் சாகேக்கை உல்லாசம் போனவன் என்ரை வயித்திலை பிறந்தவனோ?” கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “நீதானே ரிக்கெற் போட்டனி. எப்ப போட்டவன்? சண்டை இறுகினாப் பிறகோ?”

தையில் போட்டவன் அன்ரி. சித்திரையில் இரண்டு தடவை வந்து கான்சல் பண்ணச் சொல்லிக் கேட்டவன். நான்தான் விடவில்லை. இவ்வளவுதான், மூன்று வசனம். ஆனால் முதல் வசனத்தைத் தொடங்கினால் அவர் அடுத்ததாக, அப்படியென்றால் என் தங்கைக்கு அடித்தது யார் என்று கேட்பார் என்ற பயம் எனக்கு.

“நினைவில்லை அன்ரி,” என்றேன். “எத்தினையோ பேர் வருகினம்.”

அவர் எழுந்து போனார். அந்த வீட்டுக்குள் அவனால் பிறகு போக முடியவில்லை. அவர் கதவைத் திறக்கவில்லை.

என் தம்பி குடும்பம் முகாமில் உயிரோடு இருக்கிறது என்று ஆடியில் செய்தி வந்தது. கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். உடைத்துவிட்டு நிமிர்ந்தபோது சந்தோசத்தோடு ஒரு வெட்கமும் வந்தது. எனக்கு என் தம்பி திரும்பக் கிடைத்துவிட்டான்.

அதன் பிறகு ஓர் அதிசயம் நடந்தது. வருடத்துக்கு இரண்டு மூன்று சோடிகள் என் மேசையைத் தேடி வந்தார்கள். இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள், யூனியன்வில்லிலிருந்து இங்கே பிறந்த பிள்ளைகள்கூட. கையில் என் டென்மார்க் தாளின் பிரதி இருக்கும். கோப்பன்ஹேகன் போனவன் கொடுத்ததாம். அவர்களுக்கெல்லாம் ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் ஒல்லாந்துக்கும் எழுதிக் கொடுத்தேன். எந்த ஊரில் கையைப் பிடிக்கலாம், எந்த ஊரில் வேண்டாம், ஹோட்டலில் என்ன சொல்வது, எல்லாவற்றையும் இரண்டு தடவை விசாரித்து எழுதினேன். எல்லாத் தாளிலும் முதல் வரியாக ஒன்று சேர்த்தேன்: உங்கள் உறவினர் அந்த நாட்டில் எங்கே இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அட்டை எழுதுவதை அவர்களுக்கு மட்டும் நிறுத்திவிட்டேன். அவன் இன்னும் என்னை நம்புகிறானே, அவனுக்குத் தெரியாதே என்று ஒவ்வொரு தடவையும் மனம் குத்தும். ஆனாலும் தெரியாமல் இருப்பது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

பத்து வருடம் போனது. ஒரு மாரிக் குளிரில் அவன் அம்மா மாரடைப்பில் செத்துப்போனார். செத்தவீட்டுக்குப் போனேன். தாயின் அண்ணன் மகன் சடங்கு செய்துகொண்டிருந்தான். பெற்ற மகன் மண்டபத்தின் கடைசியில், கோட்டுகள் கொழுவியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றான். மற்றவன் பக்கத்தில் நின்றான். போய்ப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. பெட்டியை மூடும்போதுகூட அவனை யாரும் முன்னுக்குக் கூப்பிடவில்லை.

ஒரு மாதம் கழித்து அவன் கடைக்கு வந்தான். காதோரம் நரைத்திருந்தது. யாழ்ப்பாணத்துக்கு இரண்டு ரிக்கெற் வேண்டும் என்றான். அம்மாவின் பழைய வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வர வேண்டுமாம். நான் கணினியைத் திறக்கவில்லை.

“தம்பி, சித்தியாக்களுக்கு அடிச்சது நான்தான்,” என்றேன். பத்து வருடம் வயிற்றில் கிடந்தது ஒரே மூச்சில் வந்துவிட்டது. எரிச்சலில் செய்தேன் என்றும் சொன்னேன். அம்மா வந்து கேட்டதையும், நினைவில்லை என்று நான் சொன்னதையும் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன்.

அவன் அதிரவில்லை.

“நீங்கள் எடுத்தது எனக்கு அண்டைக்கே தெரியும் அக்கா. திரும்பேக்கை கடையின்ரை பேரைச் சித்தி சொன்னவ. அம்மாட்டை அதைச் சொல்லேல்லைப் போலை.”

“தெரிஞ்சுகொண்டோ அத்தினை பேரையும் என்னட்டை அனுப்பினனி?”

“தாளிலை ஒரு பிழையும் இல்லையே,” என்றான்.

“அப்ப ஏன் எனக்கு அடிச்சு, நீங்களோ எண்டு கேட்டனி?”

கோபம் இல்லாத குரலில்தான் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

“சண்டை பிடிக்க எடுக்கேல்லை அக்கா. அம்மா உங்கடை சொல்லை நம்புவா. ஓம் தம்பி, நான்தான் எண்டு நீங்கள் சொல்லியிருந்தால், அம்மாட்டைப் போய், அவன் தையிலை போட்ட ரிக்கெற், கான்சல் பண்ண ரெண்டு தரம் வந்தவன் எண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ எண்டு கேக்க எடுத்தனான். நீங்கள் இல்லை எண்டிட்டீங்கள். பிறகு எப்பிடிக் கேக்கிறது?”

நான் கண்ணைத் துடைத்தேன்.

“இப்ப சொல்லுறதுக்கு ஆளும் இல்லை,” என்றான். “ரிக்கெற்றைப் போடுங்கோ அக்கா.”